‘வரையறுக்கப்படவில்லை’ என்று கணினி சொன்னால்: செயற்கூறு பிழையைத் திருத்தக் கற்பித்தல்

பன்னிரண்டாம் வகுப்பின் பைத்தான் செய்முறை நேரம். ஒரு மாணவி பதினைந்து வரி நிரலைத் தட்டச்சு செய்து இயக்குகிறார். திரையில் சிவப்பு எழுத்தில் நான்கு வரிகள் வருகின்றன. அவற்றைப் படிக்காமலேயே நிரல் முழுவதையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து மீண்டும் தட்டச்சு செய்யத் தொடங்குகிறார். பக்கத்து இருக்கை மாணவர் கையை உயர்த்துகிறார்.

“மிஸ், எனக்கு எரர் வருது.”

“என்ன எரர்?”

“தெரியல மிஸ். சிவப்பா வருது.”

நாம் அவரிடம் போகிறோம். “கொஞ்சம் நகரு” என்று சொல்லி, ஓர் எழுத்தைத் திருத்திவிட்டு அடுத்த கணினிக்கு நகர்கிறோம். பிழை போய்விட்டது. ஆனால் மாணவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் அதே பிழைக்கு அதே கை மீண்டும் உயரும்.

நிரலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவர்கள் அடிக்கடி சந்திக்கும் பிழைகளுள் ஒன்று, வரையறுக்கப்படாத செயற்கூற்றை அழைப்பது. மேட்லேப் இதை ‘அன்டிஃபைன்ட் ஃபங்ஷன்’ என்கிறது. பைத்தான் ‘நேம் எரர்’ என்று தலைப்பிட்டு, இன்ன பெயர் வரையறுக்கப்படவில்லை என்கிறது. பதினோராம் வகுப்பில் நாம் நடத்தும் சி++ மொழியில் ‘இந்த வரையெல்லைக்குள் இப்பெயர் அறிவிக்கப்படவில்லை’ என்ற பொருளில் செய்தி வரும். சொற்கள் வேறாக இருந்தாலும் மூன்றும் சொல்வது ஒன்றுதான். அந்தச் செய்தியைப் படித்து, காரணத்தைத் தேடி, தாமே திருத்திக்கொள்ள மாணவரைப் பழக்கும் ஒரு பாடத்தை இங்கே பார்ப்போம்.

கற்றல் நோக்கங்கள்

இப்பாடத்தின் முடிவில் மாணவர்:
- பிழைச் செய்தியில் பிழையின் வகை, பெயர், வரி எண் ஆகிய மூன்றையும் கண்டு சொல்வர்.
- பெயர் கிடைக்காமல் போனதற்கான காரணத்தை வரிசையாகச் சோதிப்பர்.
- திருத்திய பின் விடை சரிதானா என்று கையால் கணக்கிட்டு உறுதிசெய்வர்.

செய்தி உண்மையில் என்ன சொல்கிறது?

‘வரையறுக்கப்படவில்லை’ என்ற சொல்லை மாணவர்கள் ‘நீ செய்தது தவறு’ என்று படிக்கிறார்கள். கணினி சொல்வது அதைவிடக் குறைவானது: “நீ கேட்ட பெயரை, எனக்குத் தெரிந்த இடங்களில், இந்த நொடியில் தேடினேன். கிடைக்கவில்லை.” இதில் மூன்று பகுதிகள் உள்ளன: எந்தப் பெயர், எந்த இடம், எந்த நேரம். திருத்தும் வேலை முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

தூத்துக்குடிக் கடற்கரையில் இதைச் சொல்வது எளிது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் பார்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. தொலையிரம் பார் அவற்றுள் ஒன்று. வான்தீவு ஆறுபாகம் பார் இன்னொன்று. பெயரை மட்டும் கேட்ட ஒருவர் படகை எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. அது கடலில் எங்கே இருக்கிறது என்பதை யாராவது முன்பே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். நிரலில் செயற்கூற்றின் பெயரும் அப்படித்தான். பெயரை எழுதுவது அழைப்பு. அந்தப் பெயருக்குரிய வேலை என்ன என்று எழுதிவைப்பது வரையறை. வரையறை இல்லாத அழைப்பைத்தான் கணினி நமக்குத் திருப்பி அனுப்புகிறது.

மாதிரி நிரல்: ஆறு பாகத்தில் அழுத்தம் எவ்வளவு?

கடல் ஆழத்தை மீனவர்கள் ‘பாகம்’ என்ற அளவால் சொல்வார்கள். இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் வரும் நீளம் அது. 6 அடி, அதாவது ஏறத்தாழ 1.83 மீட்டர் என்று கொள்ளலாம். கடலில் ஏறத்தாழ ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. நீர்மட்டத்தில் ஏற்கெனவே ஒரு வளிமண்டல அழுத்தம் உள்ளது. இந்த இரண்டு செய்திகளைக் கொண்டு இரண்டு செயற்கூறுகள் எழுதலாம்.

கீழே உள்ள நிரல் ‘எழில்’ மொழியின் சொற்களில் உள்ளது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி எழில். அதுவே பைத்தானைக் கொண்டு எழுதப்பட்டது. ‘நிரல்பாகம்’ என்பது செயற்கூறு தொடங்குவதையும், ‘பின்கொடு’ என்பது விடையைத் திருப்பித் தருவதையும், ‘பதிப்பி’ என்பது திரையில் காட்டுவதையும் குறிக்கும். வகுப்பில் பைத்தானில் எழுதும்போது இந்தக் கட்டளைச் சொற்கள் மாறும், ‘முடி’ வராது. செயற்கூற்றின் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். பைத்தான் 3 அதை அனுமதிக்கிறது. வரி எண்கள் நம் வசதிக்காகக் கொடுக்கப்பட்டவை.

1. நிரல்பாகம் மீட்டராக்கு(பாகம்)
2.   பின்கொடு பாகம் * 1.83
3. முடி
4. நிரல்பாகம் அழுத்தம்(பாகம்)
5.   ஆழம் = மீட்டறாக்கு(பாகம்)
6.   பின்கொடு 1 + ஆழம் / 10
7. முடி
8. பதிப்பி அழுத்தம்(6)

இதை அப்படியே கரும்பலகையில் எழுதிவிட்டு, பிழை எங்கே என்று சொல்லாமல் வகுப்பைப் படிக்கச் சொல்லுங்கள். பலர் ‘சரியாக இருக்கிறது’ என்பார்கள். கண் பொருளைப் படிக்கிறது, எழுத்தைப் படிப்பதில்லை. 5ஆம் வரியில் ‘ர’ வரவேண்டிய இடத்தில் ‘ற’ வந்திருக்கிறது. நமக்கு அது ஓர் எழுத்துப்பிழை. கணினிக்கு அது முன்பின் கேள்விப்படாத வேறொரு பெயர்.

செய்தியைக் கீழிருந்து மேலே படித்தல்

இதே நிரலைப் பைத்தானில் இயக்கினால் பல வரிகளில் செய்தி வரும். மாணவர்கள் முதல் வரியைப் பார்த்து மிரள்வார்கள். கடைசி வரியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பிழையின் வகையும் கிடைக்காத பெயரும் அங்கேதான் இருக்கும். அதற்கு மேலே, பிழை நேர்ந்த வரி (நம் எண்ணில் 5). அதற்கும் மேலே, அங்கே போகக் காரணமான அழைப்பு (8). “8ஆம் வரி அழுத்தத்தைக் கேட்டது, அழுத்தம் 5ஆம் வரியில் மீட்டறாக்கு என்பதைக் கேட்டது, அப்படி ஒன்று இல்லை” என்று மாணவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் பலர் பிழையைத் தாமே கண்டுவிடுவார்கள்.

ஆறு கேள்விகள்

கீழே உள்ளவற்றை ஓர் அட்டையில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டிவைக்கலாம். இதே வரிசையில் கேட்பது நல்லது. எளிதில் சோதிக்கக்கூடியவை முதலில் உள்ளன.

1. பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதானா? வரையறையில் உள்ள பெயரையும் அழைப்பில் உள்ள பெயரையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுக. ஆங்கிலப் பெயரானால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். பைத்தானும் சி++ மொழியும் இரண்டையும் வெவ்வேறாகவே கொள்ளும்.

2. அது பெயர்தானா, வெறும் சொல்லா? திரையில் ‘முத்து’ என்று காட்ட நினைத்த மாணவர் மேற்கோள் குறியை மறந்தால், கணினி முத்து என்ற பெயரைத் தேடப் போகும். கிடைக்காதபோது இதே செய்திதான் வரும்.

3. வரையறை அழைப்புக்கு முன்பே இயங்கிவிட்டதா? பைத்தான் மேலிருந்து கீழாக நிரலை இயக்குகிறது. 8ஆம் வரியை முதல் வரியாக மாற்றி வைத்தால், பெயர்கள் எல்லாம் சரியாக இருந்தும் பிழை வரும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘அழுத்தம்’ செயற்கூற்றை மேலேயும் ‘மீட்டராக்கு’ செயற்கூற்றைக் கீழேயும் எழுதினாலும், அழைப்பு கடைசியில் இருந்தால் பைத்தானில் நிரல் ஓடும். ஏனென்றால் உடற்பகுதியில் உள்ள பெயர் அழைக்கப்படும் நேரத்தில்தான் தேடப்படுகிறது. சி++ மொழியில் அப்படி எழுத முடியாது. பயன்படுத்தும் முன் அங்கே அறிவிப்பாவது இருக்க வேண்டும்.

4. பெயர் எந்த வரையெல்லைக்குள் உள்ளது? ‘ஆழம்’ என்பது அழுத்தம் செயற்கூற்றுக்குள் பிறந்த பெயர். வெளியே 9ஆம் வரியாக ‘பதிப்பி ஆழம்’ என்று எழுதினால் அது கிடைக்காது. பன்னிரண்டாம் வகுப்பின் வரையெல்லைப் பாடத்தைத் தொடங்க இதைவிட நல்ல இடமில்லை.

5. அது நூலகத்தில் உள்ள செயற்கூறா? வர்க்கமூலம் காணும் செயற்கூறு பைத்தானின் ‘மாத்’ நூலகத்தில் உள்ளது. அந்த நூலகத்தை இறக்குமதி செய்யாமல் அழைத்தால் பெயர் கிடைக்காது. ‘இம்போர்ட் மாத்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அழைக்கும்போது செயற்கூற்றின் முன் நூலகத்தின் பெயரையும் புள்ளியையும் சேர்க்க வேண்டும்.

6. கோப்பு சேமிக்கப்பட்டதா? சரியான இடத்தில் உள்ளதா? திருத்திய பின் சேமிக்காமல் இயக்கினால் பழைய நிரலே ஓடக்கூடும். ஐடில் சாளரத்தில் நிரலைப் புதிதாக இயக்கும்போது, முன்பு கட்டளைச் சாளரத்தில் தட்டச்சு செய்து வைத்த பெயர்கள் எல்லாம் அழிந்துவிடும். “நேத்து ஓடிச்சு மிஸ், இன்னைக்கு ஓடல” என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேட்லேப், ஆக்டேவ் ஆகியவற்றில் செயற்கூறுக் கோப்பு நடப்புக் கோப்புறையிலோ தேடும் பாதையிலோ இருக்க வேண்டும். கோப்பின் பெயரும் செயற்கூற்றின் பெயரும் ஒன்றாக இருப்பதும் அவசியம். கூடுதல் தொகுப்பில் உள்ள செயற்கூறு என்றால், அந்தத் தொகுப்பு நிறுவப்பட்டிருக்க வேண்டும். ஒரு கணினியில் ஓடும் நிரல் பக்கத்துக் கணினியில் ஓடாவிட்டால் முதலில் கேட்க வேண்டியது இந்தக் கேள்வியைத்தான்.

தமிழ்ப் பெயர்களில் ஒளிந்திருக்கும் சிக்கல்

தமிழில் பெயரிட்டால் மாணவருக்குப் பொருள் உடனே விளங்குகிறது. ஆனால் நமக்கே உரிய சில பிழைகளும் கூடவே வருகின்றன. அவற்றை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

முதலாவது, ‘ர’ என்ற எழுத்தும் துணைக்காலும். பல எழுத்துருக்களில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும். ‘பாகம்’ என்பதை ‘பரகம்’ என்று தட்டச்சு செய்தாலும் திரையில் வேறுபாடு தெரியாமல் போகலாம். கணினியோ இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே பார்க்கும். இரண்டாவது, ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுவது. ‘ஔவை’யும் ‘ஒளவை’யும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பின்னோக்கி அழிக்கும் விசையை ஒருமுறை தட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ‘ள’ மட்டும் அழிந்து ‘ஒ’ எஞ்சி நின்றால், அது இரண்டு எழுத்துகள்.

மூன்றாவது, பழைய எழுத்துருக்கள். வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வினாத்தாளிலிருந்து சொற்களை வெட்டி நிரலில் ஒட்டினால், அவை தமிழாக இருக்கா. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியலாக வரும். நிரலுக்கு ஒருங்குறியில் தட்டச்சு செய்த தமிழ் மட்டுமே பயன்படும்.

ல-ள-ழ, ர-ற, ன-ண மயக்கங்கள் பற்றித் தமிழாசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடைத்தாளில் ஓர் எழுத்துப்பிழை போனால் அரை மதிப்பெண் குறையும். நிரலில் அதே பிழை வந்தால் எதுவுமே ஓடாது. எழுத்து ஏன் முக்கியம் என்று கேட்கும் மாணவரைத் தமிழாசிரியர் ஒருநாள் கணினி ஆய்வகத்துக்கு அழைத்து வரலாம்.

செய்தி மறைவது திருத்தம் ஆகாது

இந்தப் பாடத்தில் அதிகக் கவனம் தேவைப்படுவது இங்கேதான். பிழைச் செய்தியைப் போக்க மாணவர்கள் குறுக்குவழிகளைக் கண்டுபிடிப்பார்கள். ஒருவர் 8ஆம் வரியையே நீக்கிவிடுவார். பைத்தானில் அழைக்கப்படாத செயற்கூற்றுக்குள் இருக்கும் தவறான பெயர் வெளியே தெரியாது. நிரல் சத்தமில்லாமல் முடியும். பிழை உள்ளே அப்படியே இருக்கும். செய்முறைத் தேர்வில் வேறொரு எண்ணைக் கொடுத்து அழைக்கும்போது அது வெளிவரும்.

இன்னொருவர் ‘மீட்டறாக்கு’ என்ற பெயரிலேயே புதிதாக ஒரு செயற்கூறு எழுதி, வந்த எண்ணை அப்படியே திருப்பித் தரச் செய்வார். செய்தி போய்விடும்; விடையும் வரும். ஆனால் 6 பாகத்துக்கு 2.1 வளிமண்டலம் வரவேண்டிய இடத்தில் 1.6 வரும். 12 பாகத்துக்கு 3.2 வரவேண்டும், 2.2 வரும். ஆழம் கூடக்கூடப் பிழையும் கூடுகிறது.

கடலோரப் பிள்ளைகளுக்கு இது வெறும் எண் அல்ல. 1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்புக்குப் பிறகு பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை என்றாலும், சங்கு எடுக்கக் கடலுக்குள் இறங்குவோர் இன்றும் இருக்கிறார்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிறது. மூச்சை அடக்கி இறங்குபவரின் நுரையீரலில் உள்ள காற்று பாதி கனஅளவுக்குச் சுருங்குகிறது. குழாய் வழியாக அழுத்தக் காற்றைச் சுவாசித்து இறங்குபவர் மூச்சை அடக்கிக்கொண்டு வேகமாக மேலேறினால் அந்தக் காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கக்கூடும். சிவப்புச் செய்தி வந்தால் நின்று பார்க்கத் தோன்றும். செய்தியே இல்லாமல் வரும் தவறான விடையை யாரும் நின்று பார்ப்பதில்லை. எனவே ‘ஓடுகிறதா?’ என்று கேட்டதும் ‘விடை சரியா?’ என்றும் கேட்கும் பழக்கம் வேண்டும். 6 × 1.83 = 10.98, அதை 10ஆல் வகுத்து 1 கூட்டினால் 2.098. இதை நோட்டில் கணக்கிட்ட பிறகே நிரலை இயக்கச் சொல்லுங்கள்.

வகுப்பறைச் செயல்பாடு (ஒரு பாடவேளை)

முதல் 5 நிமிடம்: மாதிரி நிரலின் சரியான வடிவத்தை விளக்குக, விடையைக் கையால் கணக்கிடச் செய்க.

அடுத்த 10 நிமிடம்: மாணவர்கள் இருவர் இருவராக அமர்ந்து, மேற்கண்ட ஆறு காரணங்களுள் ஒன்றால் தம் நிரலைத் தாமே கெடுக்க வேண்டும். எதைக் கெடுத்தோம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்து வைக்க வேண்டும். பிழையைத் தாமே உண்டாக்கும்போது அதன் மீதுள்ள பயம் போய்விடும்.

அடுத்த 15 நிமிடம்: இணைகள் இடம் மாறுகின்றன. புதிய கணினியில் நிரலை இயக்கி, செய்தியை வாய்விட்டுப் படித்து, ஆறு கேள்விகளையும் வரிசையாகக் கேட்டுத் திருத்துகின்றன. விதி ஒன்றே: நிரலை முழுவதும் அழிக்கக் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து இயக்கிப் பார்க்க வேண்டும்.

எஞ்சிய நேரம்: துண்டுத் தாள்களைப் பிரித்து ஒப்பிடுதல். ஒவ்வோர் இணையும் ‘பெயர், காரணம், திருத்தம்’ என்ற மூன்று கட்டங்களில் தம் குறிப்பேட்டில் பதிவுசெய்யும்.

இந்த நேரம் முழுவதும் ஆசிரியர் விசைப்பலகையைத் தொடாமல் இருப்பது முக்கியம். கை உயர்ந்தால், “கடைசி வரியில் என்ன பெயர் இருக்கு, படிச்சுக் காட்டு” என்று மட்டும் கேட்போம்.

தொடக்கநிலை வகுப்புகளுக்கு: கணினி இல்லாமல்

நான்காம், ஐந்தாம் வகுப்பில் இதை விளையாட்டாக நடத்தலாம். அட்டைகளின் ஒருபுறம் ஒரு பெயரும் மறுபுறம் செய்ய வேண்டிய செயலும் இருக்கட்டும். ‘அலை’ என்றால் இரு கைகளையும் அசைப்பது. ‘வலை’ என்றால் வீசுவதுபோல் காட்டுவது. ஒரு குழந்தை ‘கணினி’. மற்றவர்கள் பெயரைச் சீட்டில் எழுதி நீட்ட வேண்டும். அட்டையில் அதே பெயர் இருந்தால் கணினி அந்தச் செயலைச் செய்யும். ‘வளை’ என்று எழுதி நீட்டினால், அட்டையில் இல்லாததால், “வரையறுக்கப்படவில்லை” என்று சொல்லும். பிறகு குழந்தைகளே ‘வளை’ என்ற அட்டையை எழுதிச் சேர்க்கலாம். எழுத்துப் பயிற்சியும் நிரலாக்கச் சிந்தனையும் ஒன்றாக நடக்கும்.

பாகத்தை அளக்கும் செயல்பாடும் கணக்கு வகுப்புக்கு ஏற்றது. ஒவ்வொரு குழந்தையும் கைகளை விரித்து நிற்க, நாடாவால் அளந்து எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு வரும். அப்படியானால் ‘ஆறு பாகம்’ என்றால் யாருடைய பாகம் என்ற கேள்வி எழும். வரையறை எதற்கு என்பதற்கு அந்தக் கேள்வியே விளக்கம்.

மதிப்பீடு

- பெயர் சரியாக இருந்தும் ‘வரையறுக்கப்படவில்லை’ என்று வரக்கூடிய மூன்று சூழல்களைக் கூறுக.
- மாதிரி நிரலின் கீழே ‘பதிப்பி ஆழம்’ என்று சேர்த்தால் என்ன நடக்கும்? ஏன்?
- ‘அழுத்தம் = அழுத்தம்(6)’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ‘அழுத்தம்(12)’ என்று அழைத்தால் பைத்தானில் வேறு வகைப் பிழை வரும். என்ன காரணம்? (குறிப்பு: அந்தப் பெயர் இப்போது செயற்கூற்றைக் குறிக்கவில்லை, ஓர் எண்ணைக் குறிக்கிறது.)

அடுத்த செய்முறை வகுப்பில் ஒரு மாணவர் கையை உயர்த்தி, “மிஸ், 5ஆவது வரியில மீட்டறாக்குன்னு ஒரு பேரு கிடைக்கலையாம். நான் ‘ற’ போட்டுட்டேன், மாத்திட்டேன்” என்று சொன்னால், பாடம் நிறைவேறிவிட்டது.